கரையில் விட்டுப் போக வேண்டிய சாமான்

பெங்களூர்க்காரர்களுக்குக் கடல் கிடையாது. அது அவர்கள் தப்பில்லை, எங்கள் குப்பத்தில் மெட்ரோ கிடையாது. பழக்கமில்லாத இடத்துக்குள் ஒரு ஆள் தனியாக இறங்கினால் என்ன ஆகும் என்பதை இரண்டு பக்கத்திலும் பார்த்தாகிவிட்டது. ஒரு பெங்களூர்க்காரர் எங்கள் கடலில் மிதந்தார். நான் அல்சூர் மெட்ரோ கதவில் மாட்டிக்கொண்டேன்.

என் பெயர் சிலம்பு. கடலூர்ப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வாத்தியாருக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை. அவர் பள்ளிக்கூடத்திலேயே இருந்துகொண்டார், நான் கடலுக்கு வந்துவிட்டேன். அமுதா அக்காவின் வீட்டுக்காரர் மாயவன் மாமாவின் ஃபைபர் போட்டில்தான் அன்றிலிருந்து என் உத்தியோகம்.

நான் பெங்களூர் போவதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு விடியற்காலையில், போட்ட வலையை நீரோட்டம் அடித்துக்கொண்டு போய்விட்டது. அதைத் தேடிக்கொண்டு இருபது பாகத்தைத் தாண்டிப் போனோம். இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம் ஒரு பாகம். கடலின் ஆழத்தை நாங்கள் அதில்தான் சொல்வோம். வலை கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு குட்டிப் பாய்ப் படகு கிடைத்தது. பாய் சுருண்டு, கயிறெல்லாம் சிக்கி, உள்ளே ஆரஞ்சு கலர் ஜாக்கெட்டில் ஒரு மனிதர். எங்களைப் பார்த்ததும் தட்டுத்தடுமாறி எழுந்து நின்று, "ஹாய், சாரி, உங்களுக்குத் தொந்தரவு" என்றார். அடுத்த கேள்வி, "இங்க எங்கயாவது சிக்னல் கிடைக்குமா?"

"நேரா போய் லெஃப்ட்ல திரும்புங்க சார், ஒரு டவர் இருக்கு" என்றேன். மாமா என் மண்டையில் ஒரு தட்டு தட்டினார்.

பெயர் பிரேம். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. புதுச்சேரியிலிருந்து சென்னைக்குத் தனியாகப் பாய் விரித்துப் போவதாகத் திட்டம். ஒரு பகல், ஒரு ராத்திரி என்று அவர் கணக்கு. காற்று வேறு கணக்கு வைத்திருந்தது. நாங்கள் பார்த்தது மூன்றாவது நாள். தண்ணீர் தீர்ந்து, போன் செத்து, சின்ன மோட்டாரில் பெட்ரோலோடு கடல்தண்ணி கலந்து கிடந்தது. நங்கூரம் எங்கே என்று மாமா கேட்டார். கனமாக இருந்ததால் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாராம். ஆனால் கையால் அமுக்கிக் காபி போடுகிற சாமான் ஒன்று பத்திரமாக இருந்தது.

அவர் படகை எங்கள் போட்டுக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்தோம். அவர் பக்கத்து முடிச்சை அவரே போட்டார். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்ட முடிச்சு. பாதி வழியில் அது நழுவிவிட்டது. மாமா கயிற்றைப் பிடித்துத் திரும்ப மாட்டும்போது ஒரு அலை வந்து இரண்டு படகையும் பிரித்துப் போட்டது. கயிற்றுக்கும் அதைக் கட்டுகிற கட்டைக்கும் நடுவில் மாமாவின் இடது கை. பிரேம் சார் அப்போது குப்புறப் படுத்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார், எதையும் பார்க்கவில்லை. மாமா துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "சத்தம் போடாத. மனுசன் செத்துப் பொழைச்சு வர்றாரு."

கரையில் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு, அதற்கப்புறம்தான் மாமா ஆஸ்பத்திரிக்குப் போனார். சுண்டு விரல் பாதி போய்விட்டது. பக்கத்து விரல் இருக்கிறது, மடங்காது.

பிரேம் சாருடைய படகு எங்கள் கரையிலேயே தார்பாய்க்கு அடியில் கிடந்தது. பை ஒன்று எங்கள் போட்டில் தங்கிவிட்டது. இரண்டு மாதம் கழித்து அவர் போன் செய்தார். "மாயவன் அண்ணா, அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கிழமை வந்து படகை எடுத்துக்கறேன். மிச்ச தூரத்தையும் முடிச்சிடலாம்னு இருக்கேன். இந்தத் தடவை பக்கா பிளான்."

மாமா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீ பெங்களூர் போய் அந்தப் பையைக் குடுத்துட்டு வா."

"கூரியர்ல அனுப்புனா போவாதா?" என்றாள் அக்கா.

"பை போவும். இவன் வாய் போவுமா?" என்றார் மாமா. பிறகு என்னிடம், "போவாதேன்னு சொல்லிடாதடா. கடலுக்குப் போவாதேன்னு சொல்ல நாம யாரு? சொல்லிட்டுப் போகச் சொல்லு, அவ்ளோதான்" என்றார்.

"விரலைப் பத்தி?"

"விரல் என்னுது. அத எதுக்கு அவரு தலையில ஏத்துற?"

இப்படித்தான் ஒரு பாதி விஷயத்தைச் சொல்வதற்காகவும் இன்னொரு பாதியை மறைப்பதற்காகவும் நான் ஊர் விட்டு ஊர் போனேன்.

மெட்ரோவில் ஏறும்போது கையில் ஒரு பிளாஸ்டிக் டோக்கன் கொடுத்தார்கள். ஏறியாகிவிட்டது, இனி இது எதற்கு என்று அதை மறந்துவிட்டேன். அல்சூரில் இறங்கினால் வெளியே போகிற கதவு திறக்கவில்லை. எனக்கு முன்னால் போனவர்கள் டோக்கனை ஒரு ஓட்டையில் போட்டுவிட்டுப் போனார்கள். நான் பாக்கெட்டெல்லாம் தேடி, கடைசியில் பிரேம் சாருடைய பைக்குள் கையை விட்டேன். வட்டமாக ஒன்று கிடைத்தது. எடுத்து ஓட்டையில் அமுக்கினேன்.

"ஏய், ஏனு அது?" என்று கன்னடத்தில் கத்திக்கொண்டு ஓடி வந்தார் காவல்காரர். என் முழியைப் பார்த்ததும் தமிழுக்கு வந்துவிட்டார். "இன்னாபா, பித்தளையைப் போட்டு மெஷினை ஒடைச்சிடுவ போல."

பார்த்தால் பித்தளை வில்லை. தேய்ந்து போன நம்பர் ஒன்று, மேலே ஒரு ஓட்டை.

"இத வாங்கிட்டு விட்ருங்கண்ணா" என்றேன்.

"அதெல்லாம் ஆவாது. உள்ள வந்தப்ப குடுத்தத வெளிய போறப்ப குடுக்கணும். அப்பதான் ஆளு வெளிய போயிட்டான்னு கணக்கு. ஆமா, உன் காதுல இருக்கிறது இன்னா?"

டோக்கன் என் காது மடலில் இருந்தது. எங்கள் ஊரில் சில்லறையைக் காதில் செருகுவோம், கை தானாக வைத்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பித்தளை வில்லை கைக்கு வழவழவென்று இருந்தது. அதைப் பையில் போடாமல் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன்.

தொம்மலூருக்கு ஆட்டோ. ஆட்டோக்காரர் அல்சூர்த் தமிழர். முன்னால் நின்ற லாரியிடம் கன்னடத்தில் சண்டை, என்னிடம் தமிழில் பேச்சு, போனில் யாரிடமோ உருது. மூன்றிலும் வண்டி நகரவில்லை. எங்கள் கரையில் சீசனில் நூறு போட்டு ஒரே நேரத்தில் இறங்கும், ஒன்றோடொன்று இடிக்காது. இங்கே பத்து வண்டிக்கு முக்கால் மணி நேரம்.

"தெனமும் இப்படியாண்ணா?"

"இன்னிக்குப் பரவால்ல தம்பி. சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோ." சொல்ப என்றால் கன்னடத்தில் கொஞ்சம்.

பிரேம் சார் மூன்று மாடி வீட்டுக்குக் கீழேயே எனக்காகக் காத்திருந்தார். கடலில் பார்த்த ஆளா என்று சந்தேகமாக இருந்தது. ஷேவ் செய்து, சென்ட் போட்டு, நெட்டுக்குத்தலாக நின்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை. கண்ணில் தண்ணி வேறு. கிண்டல் செய்ய வாயைத் திறந்தேன், அவர் முந்திக்கொண்டார்.

"சிலம்பு, ஒரு சின்ன விஷயம். வீட்ல தெரியாது. நான் மைசூருக்கு ஆபீஸ் டிரிப் போனதா சொல்லியிருக்கேன். நீ என் ஃப்ரெண்டோட தம்பி, வேலை தேடி வந்திருக்க. சரியா?"

"என்ன வேலை சார் தேடுறேன்?"

"அத அப்புறம் யோசிக்கலாம்."

மேலே கதவைத் திறந்தது அவர் மனைவி ஷீலா. ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு பேருமே கோலார் தங்கவயலில் பிறந்தவர்கள், இரண்டு பேருடைய அப்பாவும் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்தவர்கள். ஷீலா அக்கா பையை மோந்து பார்த்தார். "இன்னா பிரேம் இது, மைசூர்ல மீன் மார்க்கெட்ல மீட்டிங் வெச்சாங்களா?"

"ஏசி இல்லாத ரூம்" என்றார் பிரேம் சார். பொய் சொல்லத் தெரியாத மனுசன். பக்கத்திலிருந்து பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

எனக்காக அன்றைக்கு மீன் வறுத்திருந்தார்கள். தட்டில் ஒரு சங்கரா மீன், கண் உள்ளே போய்க் கிடந்தது.

"நல்லா இருக்கா தம்பி?"

"ரொம்ப நல்லா இருக்குக்கா. மீன்தான் ஒரு வாரமா ஐஸ்ல படுத்துக் களைச்சுப் போயிருக்கு."

"அது எப்டித் தெரியும் ஒனக்கு?"

பிரேம் சார் மேசைக்கு அடியில் என் காலை மிதித்தார். "படிச்சிருக்கேன்கா" என்றேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

இரண்டாம் நாள் காலையில் ஆளுக்கொரு தட்டு இட்லி சாப்பிட்டோம். இட்லி என்ற பெயரில் ஒரு தலையணை. பிறகு பிரேம் சார் என்னை அல்சூர் ஏரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கம்பி வேலி ஓரமாக நின்றோம். நடுவில் தீவு மாதிரி மரங்கள், சுற்றிலும் ரோடு, கட்டிடம். ஊருக்கு வெளியே இதைவிடப் பெரிய ஏரி ஒன்றில்தான் பாய் விரிக்கக் கற்றுக்கொண்டாராம். ஆறு ஞாயிற்றுக்கிழமை. சர்ட்டிபிகேட் கூடக் கொடுத்தார்களாம்.

"ஏன் சார் கடல்?" என்றேன். கிண்டலாக இல்லை, நிஜமாகவே கேட்டேன்.

ஏரியையே பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்கப்பா முப்பது வருசம் பூமிக்கு அடியில வேலை பார்த்தாரு. வெளிய வந்தா வாசல்ல கட்டிலைப் போட்டு வானத்தைப் பார்த்துக்கிட்டே படுத்திருப்பாரு. நான் இப்ப காலையில ஒரு பேஸ்மெண்ட்ல வண்டியை விட்டு லிஃப்ட்ல ஏறுறேன், சாயங்காலம் அதே லிஃப்ட்ல இறங்குறேன். ஒரு நாள் முழுக்க வானத்துக்கு அடியில இருக்கணும்னு தோணிச்சு. வேற ஒன்னும் இல்ல."

அதற்கு என்னிடம் கிண்டல் இல்லை. எனக்கு வானம் சலித்துப் போகிற அளவுக்கு இருக்கிறது. அது ஒருவருக்குக் கிடைக்காமல் போகும் என்று நான் நினைத்ததே இல்லை.

உடனே போனை எடுத்து அடுத்த பயணத்துக்கான லிஸ்ட்டைக் காட்டினார். வெயிலில் சார்ஜ் ஆகிற பெட்டி, தண்ணீர் புகாத டார்ச், இரண்டு போன், இருபது லிட்டர் தண்ணீர். நங்கூரம் முதல் வரியிலேயே இருந்தது. "எல்லாம் கரெக்ட்டா இருக்கா? உங்க போட்டுல சேஃப்டிக்கு என்ன வெச்சிருக்கீங்க?"

"அக்கா" என்றேன்.

"என்னது?"

"எங்க போட்டுல முக்கியமான சாமான் கரையில இருக்கு சார். எங்க அக்கா. போட்டு எறக்கறதுக்கு முன்னாடி மாமா மூணு விஷயம் சொல்லணும். எந்தப் பக்கம், எத்தன பாகம், எப்போ திரும்பறோம். மறந்துட்டுக் கெளம்பினாருன்னா அக்கா தண்ணியில எறங்கி வந்து கத்துவா. சொன்ன நேரத்துக்கு வரலன்னா அவ வீடு வீடாப் போயி எழுப்புவா. அஞ்சு போட்டு கெளம்பும். எங்ககூட சண்டை போட்டுப் பேசாம இருக்கிறவன் வீட்டுப் போட்டும் கெளம்பும்."

"நீங்க என்னைக் கண்டுபிடிச்சது அப்படித்தானே?" என்றார். "அன்னிக்கு யார் உங்களுக்குச் சொன்னாங்க? அத நான் கேக்கவே இல்லையே. கோஸ்ட் கார்டா?"

இந்தக் கேள்விக்கு மாமா எனக்கு எதுவும் சொல்லி அனுப்பவில்லை.

"ஒங்கள யாரும் தேடல சார்" என்றேன். "நாங்க எங்க வலையத் தேடிக்கிட்டு வந்தோம்."

அவர் போனை அணைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். வேலிக் கம்பியைப் பிடித்திருந்த கை அப்படியே இருந்தது. தண்ணிக்கு அந்தப் பக்கம் பஸ் போய்க்கொண்டிருந்தது, ஒரு பெண் போன் பேசிக்கொண்டு நடந்தாள். இந்த ஏரியில் கவிழ்ந்தால் எந்தப் பக்கம் கை போட்டாலும் கரை. யாராவது ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஆறு ஞாயிற்றுக்கிழமையும் அவர் கற்றது இதைத்தான். கடலுக்கு ஒரே ஒரு பக்கம்தான் கரை என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

"சொல்லிட்டுப் போங்க சார். மாமா அது ஒன்னுதான் சொல்லச் சொன்னாரு."

"ஷீலாகிட்ட சொன்னா விடமாட்டா" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

திரும்பி வரும் வழியில் ஒரு கடையில் எனக்குப் பன் பட்டர் ஜாம் வாங்கிக் கொடுத்தார். தான் எதுவும் சாப்பிடவில்லை. வந்த வேலை முடியவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாவது சனிக்கிழமை அவர் லிஸ்ட்டில் அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஷீலா அக்கா சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து என் சட்டையைத் துவைக்க எடுத்தார். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் நர்ஸ் கை பாக்கெட்டைத் துழாவிவிட்டது. பித்தளை வில்லை வெளியே வந்தது.

அவர் அதைப் பார்த்தார். பிறகு வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தார். அங்கே பிரேம் சாருடைய அப்பா போட்டோ, கீழே ஒரு வெறும் ஆணி.

"ரெண்டு மாசமா வீடு முச்சூடும் தேடிக்கினு இருக்கேன். ஒன் பாக்கெட்ல எப்டி வந்தது?"

பிரேம் சார் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். நடுக்கடலில் ஆரஞ்சு ஜாக்கெட்டில் இருந்து பார்த்த அதே பார்வை. பொய் சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். நான்கைந்து பொய் வரிசையில் வந்து நின்றன, எல்லாமே நல்ல பொய்.

"அக்கா, அத நான் அவரு பையிலேர்ந்து எடுத்தேன். பை எங்கேர்ந்து வந்துச்சுன்னு அவரே சொல்லுவாரு."

அவர் சொன்னார். நின்றுகொண்டே ஆரம்பித்தார், பாதியில் உட்கார்ந்துவிட்டார். ஷீலா அக்கா நடுவில் ஒரு தடவை போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். கேட்டது ஒரே கேள்வி.

"நீ எங்க கீறேன்னு அந்த மூணு நாளும் யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"நான் உனக்கு மெசேஜ் போட்டுக்கினு இருந்தேன். சாப்டியா, தூங்கினியான்னு. மைசூர்ல சிக்னல் இல்லன்னு நெனச்சேன்." வில்லையை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "சரி, இத எதுக்கு எடுத்துனு போன?"

"அப்பா கூட இருக்கிற மாதிரி இருக்கும்னுதான்."

"இது கூட எடுத்துனு போற சாமானா பிரேம்? இது விட்டுட்டுப் போற சாமான்." ஷீலா அக்காவின் குரல் அங்கேதான் உடைந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார், அவரிடம் சொல்ல முடியாததை என்னிடம் சொல்வது போல. "சுரங்கத்துல கீழ எறங்குறவங்க இந்த டோக்கனை மேல பலகையில மாட்டக் குடுத்துட்டுத்தான் போவாங்க தம்பி. ஷிஃப்ட் முடிஞ்சு வந்து வாங்கிப்பாங்க. பலகையில ஒன்னு தொங்கிக்கினே இருந்தா ஒரு ஆளு கீழ மாட்டிக்கினான்னு அர்த்தம். ஸ்கூல் விட்டு வந்தா சில நாளு எங்கம்மா வீட்ல இருக்க மாட்டாங்க. அந்தப் பலகைகிட்ட போய் நின்னுனு இருப்பாங்க. எங்கப்பா வந்து டோக்கனைக் கையில வாங்குனதும்தான் சோறு ஆக்கவே வருவாங்க."

பிரேம் சார் தலையைக் குனிந்துகொண்டார்.

"உங்கப்பா உன்கூட வந்திருந்தா, மொத வேலையா இத உன் கையிலேர்ந்து புடுங்கி என்கிட்ட குடுத்திருப்பாரு" என்றார் ஷீலா அக்கா.

மெட்ரோ கதவு எனக்கு ஞாபகம் வந்தது. காதில் டோக்கனைச் செருகிக்கொண்டு நின்ற ஆள் நான் மட்டும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஷீலா அக்கா முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். "உங்க மாமாவுக்கு வீடியோ கால் போடு. நான் அவர்கிட்ட பேசணும்."

போட்டேன். எங்கள் அக்கா எடுத்து, கேமராவுக்குத் தன் நெற்றியை மட்டும் காட்டிவிட்டு, மாமாவிடம் கொடுத்தாள். வலது கையில் போனைப் பிடித்துக்கொண்டு மாமா சிரித்தார். "வணக்கம்மா" என்று இடது கையைத் தூக்கினார். தூக்கிய பிறகுதான் அவருக்கே உறைத்தது, சடாரென்று கீழே இறக்கினார்.

நர்ஸ் கண்ணுக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. "அண்ணா, அந்தக் கையைக் காட்டுங்க."

"ஒன்னும் இல்லம்மா. மீன் கடிச்சிருச்சு."

"மீன் கடிச்ச காயம் இப்டி இருக்காது. நசுங்கியிருக்கு."

"பெரிய மீனுக்கா" என்றேன். நிறுத்தியிருக்க வேண்டும். என் வாய்க்கு நங்கூரம் கிடையாது. "ஆறடி நீளம். ஆரஞ்சு கலரு. ஏரியில பழகின மீனு."

மாமா போனுக்குள்ளிருந்து, "டேய்" என்றார். ஒரே ஒரு டேய். அதில் நான் பெங்களூரிலிருந்து நடந்தே ஊருக்கு வர வேண்டும் என்கிற அளவுக்குக் கோபம் இருந்தது.

பிரேம் சார் போனை என் கையிலிருந்து வாங்கினார். "என் முடிச்சா அண்ணா?"

மாமா இடது கையை லுங்கி மடிப்புக்குள் விட்டுக்கொண்டார். பின்னால் அலைச் சத்தம் கேட்டது. "முடிச்சு அவுரும் சார். எல்லாருக்கும் அவுந்திருக்கு. எனக்கும் அவுந்திருக்கு. மூணு விரலும் கட்டை விரலும் போதும், சோத்தை வலது கையிலதான தின்றேன்." பிறகு, "நீங்க சாப்ட்டீங்களா?" என்றார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சாயங்காலம் வரைக்கும் புருஷனும் பெண்சாதியும் நேராகப் பேசிக்கொள்ளவில்லை. நான்தான் வயர்லெஸ்.

"அவர்கிட்ட சொல்லு தம்பி, காபி ஆறுது."

"சார், காபி ஆறுதாம். ஓவர்."

"வேணாம்னு சொல்லு."

"வேணாமாம்கா. ஆனா சும்மா சொல்றாருன்னு தோணுது. ஓவர்."

மூன்றாவது தடவை ஷீலா அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதார். டம்ளரை எடுத்துக்கொண்டு அவரே பால்கனிக்குப் போனார். பிரேம் சார் அங்கே துணி காயப்போடுகிற கயிற்றின் நுனியைக் கம்பியில் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக நின்றிருந்தார். நான் போய்க் கயிற்றை வாங்கி, எங்கள் முடிச்சைப் போட்டுக் காட்டினேன். இழுக்க இழுக்க இறுகுவது, ஆனால் ஒரு சுண்டு சுண்டினால் கழன்றுவிடுவது. நாலு தடவை தப்பாகப் போட்டார். ஐந்தாவது தடவை ஷீலா அக்கா சரியாகப் போட்டார்.

நான்காம் நாள் என்னை பஸ் ஏற்றிவிட வந்தார்கள். கையில் ஒரு டப்பா புளிசாதம், வழியில் சாப்பிட. மாமாவின் கைக்கு என்னென்ன பயிற்சி செய்ய வேண்டும் என்று ஷீலா அக்கா ஒரு தாளில் படம் போட்டே கொடுத்தார்.

"நான் என்ன செய்யணும் சிலம்பு?" என்றார் பிரேம் சார். ராத்திரி முழுக்க அதையே யோசித்த முகம்.

"எங்க போட்டுல ஒரு கை கொறையுது சார். ரெண்டாவது சனிக்கிழமைக்குத்தான் எப்படியும் லீவு போட்டாச்சே. காபி மெஷினை மட்டும் வீட்ல வெச்சுட்டு வாங்க."

பஸ் நகர்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. திருப்பிக் கொடுக்க வந்த பை என் மடியிலேயே இருந்தது. நான்கு நாளும் அதைத் தலைக்கு வைத்துத் தூங்கி, என் துணியையும் அதிலேயே அடைத்து, அப்படியே தூக்கிக்கொண்டு ஏறியிருந்தேன். ஊருக்கு வந்ததும் அக்கா கேட்டாள்: "கூரியரே தேவலாமேடா?"

அந்தச் சனிக்கிழமை அவர்கள் இரண்டு பேருமாக வந்தார்கள். தார்பாய்க்கு அடியில் கிடந்த தன் படகை பிரேம் சார் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார், திறக்கவில்லை. மாமாவின் இடது கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மாமாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. "விடுங்க சார், ஊரு பாக்குது" என்றார்.

வழக்கமாக நாங்கள் இருட்டோடு இறங்கிவிடுவோம். அவர்களுக்காக அன்றைக்கு வெளிச்சம் வந்த பிறகு போட்டைத் தள்ளினோம். முழங்கால் தண்ணியில் பிரேம் சார் நின்றார். கால்சட்டைப் பையிலிருந்து பித்தளை வில்லையை எடுத்துத் திரும்பி நடந்து போய் ஷீலா அக்காவின் கையில் வைத்தார். ஷீலா அக்கா கையை மூடிக்கொள்ளவில்லை. பக்கத்தில் நின்ற எங்கள் அக்கா என்ன சொல்லிக் கொடுத்திருந்தாளோ, அதை அப்படியே கேட்டார்.

"எந்தப் பக்கம்?"

"தென்கிழக்கு."

"எத்தன பாகம்?"

பிரேம் சார் மாமாவைப் பார்த்தார். மாமா வேறு எங்கேயோ பார்த்தார். "பன்னெண்டு" என்றார் பிரேம் சார்.

"எப்போ வருவ?"

"பதினோரு மணிக்கு."

"பதினொன்னு அஞ்சுக்கு நான் வீடு வீடாப் போவேன்" என்றார் ஷீலா அக்கா.

மோட்டாரைத் தட்டினோம். மூன்றாவது அலையைத் தாண்டுவதற்குள் பிரேம் சார் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். தட்டு இட்லியெல்லாம் மீனுக்குப் போகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். மாமா தன் இடது கையால் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார், மடங்காத அந்த விரல் நீட்டிக்கொண்டே இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு கரையைப் பார்த்தேன்.

எங்கள் அக்கா வழக்கம் போல இடுப்பில் கையை வைத்துக்கொண்டு போட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற ஷீலா அக்காவுக்கு அப்படி எண்ணத் தெரியாது, அவருக்கு எண்ண வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் இப்போது கையை மூடிக்கொண்டிருந்தார்.